ஈரத் துண்டுப் பயிற்சி எங்கிருந்து வந்தது

போன வாரம் ஒரு பழைய சான்றிதழுக்கு நகல் வாங்க நம் பிசியோதெரபி பிரிவுக்கு வந்திருந்தேன். சுவரில் பளபளவென்று ஒரு சார்ட் தொங்கியது. ‘ஈரத் துண்டுப் பயிற்சி: ஐந்து படிகள்’. கீழே, உருவாக்கியவர் என்று என் பெயர். பக்கத்தில் உங்களில் ஒருவர், யாரென்று சொல்லமாட்டேன், பாட்மிண்டன் ஆடும் ஒரு பெண்ணின் கையில் ஈரத் துண்டைக் கொடுத்து மேஜைமேல் வீசச் சொல்லிக்கொண்டிருந்தார். “தோளை இறுக்கிப் பிடி, இன்னும் இறுக்கு” என்று அறிவுரை வேறு. அந்தப் பெண் வீசியதைப் பார்த்தால், மேஜைமேல் உட்கார்ந்த ஈயை மனசில்லாமல் விரட்டுவதுபோல் இருந்தது.

ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்ற பெருந்தன்மையால் அல்ல. வெட்கத்தால். அந்தப் பயிற்சியை நான் உருவாக்கவில்லை. அது உருவானபோது நான் பக்கத்தில் நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். என் மானத்தைக் கொஞ்சம் செலவு செய்துதான் சொல்ல முடியும், பரவாயில்லை.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் கோட்டைக்குப் பக்கத்து அக்ரகாரத்துக்காரி. வீட்டில் வெங்காயம்கூட நாள் கிழமை பார்த்துத்தான் உள்ளே வரும். அப்படிப்பட்ட நான் வாரத்துக்கு இரண்டு நாள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், ஆரியசாலையில் ஓர் ஓட்டலுக்குள் நுழைந்து புரோட்டாவும் கடலைக் கறியும் சாப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நடத்தும் ஓட்டல். வாசலிலேயே புரோட்டா போடும் கல் மேடை, அதற்கடுத்து பெஞ்சுகள், கடைசியில் ஒரு நீலத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ‘பேமிலி ரூம்’. நான் குடும்பத்தோடு வந்தவள் அல்ல, குடும்பத்துக்குத் தெரியாமல் வந்தவள். ஆனாலும் அந்த இடம் எனக்கென்றே கட்டியதுபோல் இருந்தது. வாசலில் தலையைக் குனிந்துகொண்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு, மேடையைக் கடந்து விறுவிறுவென்று திரைக்குள் புகுந்துவிடுவேன். தெருவில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடக் கூடாதே.

வீட்டில் என் கணவர், “ஏண்டி, இன்னிக்கும் நோக்குப் பசிக்கலையா?” என்பார். “ஆபீஸ்ல டீ குடிச்சேன், வயிறு ரொம்பிடுத்து” என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார். மூன்று வருடம் இப்படி ஓடியது. இந்த மூன்று வருடத்தையும் அந்தத் திரையையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு ஒரு நாள் மாரிச்செல்வம் என்னிடம் வந்தான். ஈட்டி எறிகிறவன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். பள்ளிக்கூடத்தில் எறியக் கற்றுக்கொண்டு, பிழைப்புக்காக இங்கே வந்தபின்னும் விடாமல், காலையில் மைதானத்துக்கு வந்து எறிந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்து அசந்துபோன ஒரு பயிற்சியாளர்தான் என்னிடம் அனுப்பியிருந்தார். இரண்டு மாதத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் விளையாட்டு அணிக்குத் தேர்வு. தேறினால் நிரந்தர வேலை, தினமும் பயிற்சிக்கு நேரம். வயது வரம்பின்படி அதுதான் அவனுக்குக் கடைசி வருடம். தவறவிட்டால் அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

“எறியும்போதான் தோளு வலிக்கி மேடம். சும்மா இருந்தா ஒண்ணும் இல்ல, கேட்டோ” என்றான்.

“என்ன வேலை பார்க்கிறாய்?”

“ஆரியசாலைல புரோட்டா மாஸ்டர்.”

எந்த ஓட்டல் என்று கேட்டேன். சொன்னான். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. மூன்று வருடமாக நான் திரைக்குப் பின்னால் ரசித்து ரசித்துப் பிய்த்துத் தின்ற அடுக்குகளுக்குச் சொந்தக்காரன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் முகத்தைப் பாறையாக வைத்துக்கொண்டேன்.

இங்கேதான் என் முதல் தவறு. நல்ல பிசியோவாக இருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே போய், அந்த மேடைக்கு எதிரே தெருவில் நின்று, அவன் வேலை செய்வதைப் பத்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும். ஒருவன் உடம்பு நாள் முழுக்க எதைப் பழகுகிறதோ அதைத்தான் மைதானத்துக்கும் கொண்டுவரும். இது எனக்குத் தெரியும். வகுப்பில் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மேடைக்கு எதிரே தெருவில் நின்றால் அக்ரகாரம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே அறையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு எழுதினேன். தினமும் நூற்றுக்கணக்கில் மாவை வீசியடித்துத் தோள் களைத்துப்போயிருக்கிறது, தேர்வு முடியும்வரை மேடைப் பக்கமே போகக் கூடாது.

இரண்டாவது தவறு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. தோள் பலவீனம் என்று முடிவு கட்டியாகிவிட்டதே, அதைப் பலப்படுத்த ரப்பர் பட்டை கொடுத்தேன். இழுக்கும்போதெல்லாம் “தோளை இறுக்கிப் பிடி, ஆடவிடாதே” என்று சொன்னேன். காலையில் சொன்னேன், மாலையில் சொன்னேன். அவன் நல்ல பையன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அப்படிப்பட்டவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். நம் தவறையும் அவர்கள் ஒழுங்காகச் செய்து முடித்துவிடுவார்கள்.

அண்ணாச்சி அவனுக்காக மனமிரங்கி, மேடையிலிருந்து எடுத்துக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்தார். காலை முதல் இரவு வரை உட்கார்ந்த இடம். அவனைக் கடக்கும்போது என் கைக்குட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். புரோட்டாவுக்கு யாரோ ஒரு தற்காலிக ஆள். அந்த இரண்டு மாதம் நான் சாப்பிட்ட புரோட்டாவைப் பற்றிப் பேச வேண்டாம். பிய்க்கவே தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மகத்தான காரியத்துக்காக நானும் தியாகம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மென்றேன்.

ஒருநாள் கை கழுவப் போகும்போது, நான் யாரென்று தெரிந்த அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, “டாக்டரம்மா, நான் படிக்காதவன். ஆனா பய இப்பம் நடக்குத நடையே சரியில்ல பாத்துக்கிடுங்க. கட்டைய முழுங்குன மாரி நடக்கான்” என்றார்.

“அது தோள் பலமாவதன் அறிகுறி” என்றேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ.

தேர்வு நாள் வந்தது. காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொருவருக்கும் மூன்று எறி. தேறவேண்டிய தூரத்தில் மைதானத்தின் குறுக்கே வரிசையாகச் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். செல்வம் ஓடி வந்து முதல் ஈட்டியை எறிந்தான். கொடிக்கு வெகுதூரம் இப்பால் விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது அதைவிடக் கிட்டத்தில், ஈட்டி குப்புற விழுந்து சறுக்கிக்கொண்டு போனது. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் கொடியைப் பார்த்தேன்.

மலையாளியான மேற்பார்வை அதிகாரி ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். “மேடம், இனி ஒரு ஏறே உள்ளூ. வேதன உண்டெங்கில் இப்போ பறயணம்” என்றார். இன்னும் ஒரு எறிதான் பாக்கி. வலியிருந்தால் இப்போதே சொல்ல வேண்டும். எறியலாம் அல்லது கூடாது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அவனுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் எறிய வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம்தான் எனக்கு.

கூடாது என்று எழுதினால் அவன் வாய்ப்பு அங்கேயே முடிந்தது. எறியலாம் என்று எழுதி, உள்ளே ஏதாவது கிழிந்திருந்தால், ஈட்டியும் போய்விடும், புரோட்டா மேடையும் போய்விடும். அந்தக் கையை நம்பித்தான் ஊரில் அவன் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

வலது தோளை என் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னேன். தள்ளினான், வலியில்லை. இடதும் வலதும் ஒரே பலம். அப்படியானால் எறியும்போது மட்டும் ஏன்? அப்போதுதான் பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. கடையை அடைத்துவிட்டு, தோளில் துண்டோடு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளேயே வந்துவிட்டார்.

“டாக்டரம்மா, இவன் எறியுத எறியே இது இல்ல. புரோட்டா வீசுதப்போ பாத்திருக்கீங்கல்ல? அந்த வீச்சு எங்க போச்சுன்னு கேளுங்க.”

“பார்த்ததில்லை அண்ணாச்சி.”

“பாத்ததில்லையா? மூணு வருசமா நம்ம கடைலதான சாப்பிடுதீங்க?”

பயிற்சியாளர் திரும்பினார். அதிகாரி திரும்பினார். செல்வம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, “மேடம் எப்பவும் திரைக்கு அந்தப் பக்கம்லா இருப்பாங்க” என்றான். எல்லாம் தெரிந்தே இத்தனை நாள் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் அப்போது நேரமில்லை.

“சரி, இப்போது காட்டு” என்றேன்.

மாவுக்கு எங்கே போவது? அண்ணாச்சி தன் துண்டைத் தண்ணீர் வாளியில் முக்கிப் பிழிந்தார். மேடைக்கு எங்கே போவது? பக்கத்தில் ஒரு கார் நின்றது. முன்பக்க மூடி சரியாக மேடை உயரம். செல்வம் ஈரத் துண்டை இரண்டாக மடித்து ஓரத்தைப் பிடித்தான். ஒரு நிமிடம் கட்டை மாதிரி நின்றான். அண்ணாச்சி, “லே, பேமிலி ரூமுக்கு ரெண்டு புரோட்டா” என்று குரல் கொடுத்தார், கடையில் கொடுப்பதுபோலவே.

பையன் சிரித்துவிட்டான். சிரித்தபோது தோள் இரண்டும் இறங்கின. அப்புறம் வீசினான்.

நான் பார்த்ததை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். முதலில் கையே அசையவில்லை. வலது கால் தரையை அழுத்தியது. இடுப்பு திரும்பியது. இடது கால் முன்னால் ஊன்றி நின்றுகொண்டது. அதற்குப் பிறகுதான் மார்பு வந்தது. தோள் அதற்கும் பின்னால், அவசரமே இல்லாமல். கை கடைசியில், துண்டின் நுனி அதற்கும் கடைசியில். பட்டென்று காரின் மேல் அடித்த நொடியில் தோளின் பின்பக்கத் தசை எழுந்து கையைப் பிடித்து நிறுத்தியது. அடுத்த வீச்சுக்குள் அதுவும் அடங்கிவிட்டது.

ஈட்டி எறிவதும் இதேதான். கால், இடுப்பு, மார்பு, தோள், கை என்று வேலை கைமாறிக்கொண்டே வர வேண்டும். ஒரு தசை வேலை செய்யும்போது அதற்கு எதிர்ப்பக்கத் தசை லீவில் இருக்க வேண்டும். தன் முறை வந்ததும் எழுந்து பிரேக் போட வேண்டும். நம் ஆபீஸில் லீவு கொடுக்கத் தெரியாத மேலதிகாரி வந்தால் என்ன ஆகுமோ அதை நான் அவன் தோளுக்குச் செய்திருந்தேன். எல்லாரையும் எல்லா நேரமும் டியூட்டியில் உட்கார வைத்தேன். முன்பக்கத் தசை இழுக்கும்போதே பின்பக்கத் தசையும் இழுத்தது. அவன் பாதி பலத்தைத் தன்னோடு சண்டை போடவே செலவழித்தான். போதாததற்கு ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு வேறு இறுகிவிட்டது. அந்த மேடைதான் அவனுக்குத் தினசரிப் பயிற்சிக்கூடமாக இருந்திருக்கிறது. முதலில் வந்த வலி ஒரு வாரம் குறைவாக எறிந்திருந்தால் போயிருக்கும். அதை நான்தான் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்.

“வலிக்கிறதா?”

“இல்ல மேடம்.” மறுபடி வீசினான். மறுபடி. நான், “இப்போது தோளை இறுக்கிக்கொண்டு வீசு” என்றேன். வீசினான். “ஆ, இப்பம் வலிக்கி.”

கையெழுத்துப் போட்டேன். இரக்கப்பட்டுப் போடவில்லை. எதுவும் கிழிந்திருந்தால் அந்த வீச்சுக்குத் தோள் கத்தியிருக்கும். கத்தவில்லை. நான் சொன்னதைச் செய்தபோது மட்டும்தான் கத்தியது. இதைவிடத் தெளிவாக ஒரு தோள் எப்படிப் பேசும்? கையெழுத்து மட்டும் கோணலாக விழுந்தது.

அந்த நேரத்தில் அதிகாரிக்கு ஒரு விஷயம் புரிந்தது. “அது என்றெ வண்டியாணு” என்றார், மெதுவாக. செல்வம் மேடையாக்கிக்கொண்டது அவருடைய கார். அண்ணாச்சி உடனே அதே துண்டால் காரைத் துடைக்க ஆரம்பித்தார். அது இன்னும் அழுக்கானது.

செல்வத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். நடந்து போனான். நடையிலேயே கட்டை இல்லை. ஓடி வந்தான். இடது கால் ஊன்றியதைப் பார்த்தேன். இடுப்பு திரும்பியதைப் பார்த்தேன். அதற்குமேல் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். மைதானத்தில் கண்ணை மூடும் பிசியோவுக்கு என்ன சம்பளம் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அண்ணாச்சி என் முழங்கையைத் தட்டினார். கண்ணைத் திறந்தபோது சிவப்புக் கொடிகளுக்கு அந்தப் பக்கம், நல்ல தூரத்தில், ஈட்டி மண்ணில் குத்தி நின்றுகொண்டிருந்தது.

பையன் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. கையை உதறிக்கொண்டே சாதாரணமாக நடந்து வந்தான்.

மறுநாள் கோப்பில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘நரம்பு தசை ஒருங்கிணைப்புத் தூண்டல், ஈரத் துணி முறை’. அண்ணாச்சியும் காரும் எங்கேயும் வரவில்லை. படிக்கிறவர்களுக்கு நான் ஏதோ பல வருடம் ஆராய்ச்சி செய்ததுபோல் இருக்கும். அந்தக் கோப்பைத்தான் யாரோ தோண்டியெடுத்து, படி ஒன்று, படி இரண்டு என்று பிரித்து, சார்ட் போட்டுவிட்டீர்கள். அதில் மூன்றாவது படியாக ‘தோளை இறுக்கவும்’ என்று சேர்த்தவர் யாரென்று தெரியவில்லை. என் ஆவி இன்னும் அந்தக் கட்டிடத்தில் உலவுகிறது போலிருக்கிறது, நான் உயிரோடு இருக்கும்போதே.

செல்வம் வேலைக்குப் போய்விட்டான். ஆரியசாலையில் நல்ல புரோட்டா கிடைப்பது அத்தோடு நின்றது. “மாஸ்டர அனுப்பி வச்சது நீங்கதான, தின்னுங்க” என்று அண்ணாச்சி புது ஆள் போட்ட புரோட்டாவை என் முன்னால் வைப்பார். நான் இப்போது வாசல் பெஞ்சில், மேடைக்கு நேர் எதிரே உட்காருகிறேன். முதல் நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது தெருவோடு போன என் கணவர் நின்றார். உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “மூணு வருஷமா உன் புடவை வாசனை சொல்லிண்டேதான் இருந்தது. நீயா கூப்பிடுவேன்னு பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுத் தனக்கும் இரண்டு கேட்டார். அந்தத் திரை யாரிடமிருந்து யாரை மறைத்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நோயாளியை என்னிடமிருந்து மறைத்தது என்பது மட்டும் நிச்சயம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த பாட்மிண்டன் பெண்ணிடம் அவள் நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் வீட்டிலிருந்து வருகிறாளோ, கம்ப்யூட்டர் முன் உட்காருகிறாளோ, எனக்குத் தெரியாது. போய்ப் பாருங்கள். உங்களுக்குப் போகக் கூச்சமான இடமாக இருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். அவளுக்குத் துண்டே தேவைப்படாமல் இருக்கலாம். துண்டு செல்வத்துக்கு வேலை செய்தது, அவன் புரோட்டா மாஸ்டர் என்பதால்.

சார்ட்டைக் கழற்ற மனமில்லையென்றால் விட்டுவிடுங்கள், நல்ல காகிதம். ஆனால் அடியில் இருக்கும் என் பெயரை அழித்துவிட்டு வேறொன்று எழுதுங்கள். அன்றைக்கு மைதானத்தில், ஈட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்த செல்வத்திடம் பயிற்சியாளர் முன்னிலையில் நான் பெருமையாகக் கேட்டேன்: “இந்தத் தடவை என்னடா மாற்றிச் செய்தாய்?”

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்ல வராத பையன்.

“நீங்க சொன்னத மறந்துட்டேன் மேடம்” என்றான்.